அம்மாவின் கையில் தொங்கிய வாளி

ஒருவருக்கு உதவ நினைத்து அவரையே நோகச் செய்துவிட்டால், அந்த உதவிக்கு என்ன பெயர்? நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு சொம்புத் தண்ணீர் என்னிடம் இப்படிக் கேட்டது.

அம்மா நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை மண்வாரியால் அள்ளிப் போடுவது அவர் வேலை. முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்ததில் அவர் முழங்கை முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை நிமிரவில்லை. எலும்பு கூடிவிட்டது, தசைக் கற்றைகளைப் போர்த்தியிருக்கும் சவ்வுதான் அசைவின்றிச் சுருங்கியிருக்கிறது, சிறிய எடையைத் தொங்கவிட்டு மெல்ல நீட்டுங்கள் என்றார் மருத்துவர்.

அம்மாவுக்கு அது புதிதாகப் படவில்லை. பெல்ட் தொய்யாதிருக்க ஓர் எடை எந்நேரமும் தொங்குவதை அவர் தினமும் பார்ப்பவர்.

"வெடுக்குனு இழுத்தா பெல்ட்டே அந்துடும். தொங்கவுட்டா தானா நீண்டு குடுக்கும்" என்றார்.

மேசை விளிம்பில் தலையணை வைத்து மேல்கையைக் கிடத்தி, மணிக்கட்டில் சிறு பிளாஸ்டிக் வாளியை மாட்டிக்கொள்வார். முதல் வாரம் அரை டம்ளர் தண்ணீர். அடுத்த வாரம் ஒரு டம்ளர். ஊற்றுவது நான்.

"இன்னாக்கா, வூட்டுக்குள்ளயே கெணறு எறைக்கிறியா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேலி செய்தார்.

"ஆமாண்டி, என் ஷிப்டு இந்தக் கெணத்துலதான் கெடக்குது."

அந்த வாரம் மேஸ்திரி போன் செய்தார். திங்கட்கிழமைக்குள் மண்வாரி பிடிக்காவிட்டால் வேறு ஆள். முழங்கையில் இன்னும் வளைவு மிச்சமிருந்தது. ஒரு டம்ளருக்கு இவ்வளவு நிமிர்ந்தால் ஒரு சொம்புக்கு இன்றே நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அம்மா கண்மூடியிருந்தபோது சொம்பு மொத்தத்தையும் வாளியில் கவிழ்த்தேன்.

அவர் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தார். முழங்கை வீங்கத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லடி, நாந்தான் அவசரப்பட்டு ஊத்திக்கினேன்" என்றார் அம்மா. தப்பித்தேன் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை அவருடைய மண்வாரியை வேறொருவர் பிடித்தார். காண்ட்ராக்ட் வேலை காத்திருக்காது. உடம்போ காத்திருந்தால்தான் இணங்கும். வீக்கம் வடிந்ததும் அம்மா மறுபடி அரை டம்ளரிலிருந்தே தொடங்கினார். கைவிட்டுப் போன வேலையை நினைத்து ஒரு சொட்டும் கூட்டவில்லை. இரண்டு மாதத்தில் கை நிமிர்ந்து, வேறொரு மேஸ்திரியிடம் வேலைக்குப் போனார். அந்தப் பொறுமையின் அருமையோ, எனக்காகச் சொன்ன பொய்யின் கனமோ எனக்கு அன்று தெரியாது.

சொம்பை அவர் என்னிடமிருந்து வாங்கவில்லை. ஆனால் அதன் பிறகு, ஒவ்வொரு முறையும் சாய்ப்பதற்கு முன் எவ்வளவு என்று நான் அவரைக் கேட்டேன்.