குழாய்த் தண்ணீருக்கு ஓர் ஊர்வலம்

போன ஞாயிற்றுக்கிழமை, பர்மாவில் நாங்கள் வாழும் தன்லியின் ஊரில், எனக்கு ஒரு சின்ன அவமானம். முழுக்க முழுக்க நானே தேடிக்கொண்டது.

எங்கள் அம்மன் கோவிலில் ஒரு வழக்கம். திருவிழாவுக்குக் கரகம் எடுக்க, கோவிலுக்குப் பின்னால் இருக்கும் பொட்டல் மைதானத்துக்கு மேளதாளத்தோடு போவோம். அங்கே கிணறும் இல்லை, குளமும் இல்லை. அதனால் கோவில் குழாயிலேயே தண்ணீர் பிடித்து, குடத்தில் சுமந்துபோய், அங்கே வைத்துக் கரகத்தில் ஊற்றி, மறுபடி கோவிலுக்கே தூக்கி வருவோம்! சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது.

போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். "குழாய்த் தண்ணியக் கூட்டிட்டுப் போயி ஊர் சுத்திக் காட்டணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த வருஷத்திலிருந்து நிறுத்துவதாகத் தீர்மானமும் ஆயிற்று. பூசாரி முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவன், என் மகன் வயது.

"காரணமெல்லாம் எனக்குத் தெரியாது மாமா. அங்க போகாம நான் கரகம் தூக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். அவனை விட்டால் கரகம் எடுக்க எங்களுக்கு வேறு ஆளும் கிடையாது...

இந்த நேரம் பார்த்து, பழைய துறைமுகத்தை ஆராய வந்த ஒரு அகழாய்வுக் குழு அதே மைதானத்தில் குழி வெட்டியது. ஞாயிறன்று எட்டிப் பார்த்தேன் – சும்மா, வேடிக்கைதான். முருகேசனும் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆள் உயரக் குழி. மேலே செம்மண். அடியில் கன்னங்கரேலென்று சேறு, சேற்றில் சிப்பிகள். ஓரத்தில் நாலு செங்கல் படிகள்!

"படித்துறை, ஊலே," என்றார் குழுவின் தலைவி மா தீடா. பர்மியர் பெரியவர்களை மாமா என்று கூப்பிடுவது அப்படித்தான். "இங்க ஓடை ஓடியிருக்கு. மேல இருக்கிற செம்மண் பின்னால யாரோ கொட்டி மேடாக்கினது."

"ரொம்ப ரொம்பப் பழசா?" நம்பிக்கையோடு கேட்டேன். கோவிலுக்கு முந்தியது என்றால் நான் தப்பித்தேன், இல்லையா?

அவர் சேற்றில் கிடைத்த ஓட்டுத் துண்டு ஒன்றை நீட்டினார். எங்கள் மடப்பள்ளிக் கூரையில் இருக்கும் அதே ஓடு! "உங்க கோவில் கட்டின பிறகும் தண்ணி ஓடியிருக்கு. படியும் கோவில் பக்கமாத்தானே ஏறுது?"

ஆக, நம்மவர்கள் ஓடையில்தான் கரகம் நிரப்பியிருக்கிறார்கள். ஓடை போயிற்று. அதன் பேர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் வருஷா வருஷம் அங்கே போய் நின்றிருக்கிறோம். அதைத்தான் நான் கேலி பேசி நிறுத்தப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

முருகேசன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழி ஓரமாக வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"தப்பு என் மேலதாண்டா. தீர்மானத்த நானே வாபஸ் வாங்குறேன். நீ கரகம் எடுக்கணும்."

அவன் படிகளைப் பார்த்தபடியே சொன்னான்: "எடுக்குறேன் மாமா. ஆனா இந்த வருஷம் தண்ணிக் கொடத்த நீங்கதான் சுமக்கணும்."

இரண்டு முட்டிக்கும் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.