நாடகத்துக்கு நான் கலக்கிய ரத்தம்

பனச்சமூடு சந்திப்பில் இரண்டு மாடிக் கடை, அம்பூரியில் நாலு ஏக்கர் ரப்பர், ஷீட் அடிக்கும் மிஷின் இரண்டு, மூன்று பிள்ளைகளுக்கும் காலேஜ் படிப்பு. எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் தனியாக நின்று உண்டாக்கியதாக்கும். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இப்போது அந்த மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது வேறு விஷயம். இவ்வளவும் உண்டாக்கிய என்னால் சின்ன வயதில் ஒரு நாடக வேஷம் வாங்க முடியவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. சபை ஆண்டுவிழாவுக்கு மாமா ஒரு பழைய சீமை நாடகத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொடுத்தார். பதவி ஆசையில் ராஜாவைக் கொன்று தானே ராஜாவாகும் தளபதி, செய்த பாவம் உறுத்தித் தூக்கமில்லாமல் அலைகிற கதை. மாமாதான் ராஜா. தளபதி வேஷத்தை நான் கேட்டேன். கேட்டுக் கேட்டே வசனம் முழுக்க எனக்குப் பாடம். மாமாவோ ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார். தடவினேன்.

“எலே மக்கா, நீ எழுத்துக்கூட்டி வாசிச்சு என்னக் கொல்லதுக்குள்ள நான் கெழடாயி தானா செத்துப்போவேன்லே.”

எல்லோரும் சிரித்தார்கள். வேஷம் அண்ணனுக்குப் போயிற்று. எனக்குக் கிடைத்தது ரத்தம் கலக்கும் வேலை. சிவப்புச் சாயப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, திரைக்குப் பின்னால் வைக்கவேண்டும்.

விழாவன்று மத்தியானம் தண்ணீருக்குப் பதில் ரப்பர் பாலை ஊற்றினேன். காலையில் அப்பா வெட்டியெடுத்த பால். நிறம் வெளிறி ரோஸாக நின்றது. பொடியை அள்ளிப் போட்டேன். தளபதி மேடையில் கைகழுவும் கட்டம் ஒன்று உண்டு. கறை போகாமல் அண்ணன் வசனம் மறந்து முழிப்பான், அடுத்த வருஷம் வேஷம் எனக்கு வரும் என்பது என் திட்டம்.

ராஜாவைக் குத்திவிட்டு அண்ணன் சிரட்டையில் இரண்டு கையையும் முக்கினான். கழுவும் கட்டம் வருவதற்குள் பால் காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. கழுவினான். தேய்த்தான். “போவல்லியே... எனக்க கையிலேருந்து போவல்லியே!” என்று நிஜமாகவே அழுதான். வசனத்தில் அது கிடையாது. முன்னால் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். செத்துக்கிடந்த மாமாகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். முதல் பரிசு அண்ணனுக்கு.

வீட்டில் அம்மா தேங்காயெண்ணெய் தடவி உரித்தபோது கைமயிரோடு வந்தது.

“யாருலே பால ஊத்தினது?”

அண்ணன் என்னைப் பார்த்தான். என் விரல்களும் சிவப்பாகத்தான் இருந்தன.

“நான்தாம்மா. ரத்தம் நல்லா ஒட்டட்டும்னு.”

அப்படிச் சொன்ன அண்ணன் முதுகில் அடி ஒன்று விழுந்தது.

அடுத்த வருஷமும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். “தம்பிக்குக் குடுங்க மாமா, அவனுக்கு எல்லாம் பாடமாக்கும்” என்று ஒதுங்கிக்கொண்டான். நான் தளபதியாக நின்றேன். சாயத்தண்ணீர் ஒரே கழுவில் போய்விட்டது. ஜனங்கள் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒருத்தன் மட்டும் கைதட்டினான். கேலி செய்கிறான் என்று நினைத்து ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

போன மாதம் அண்ணனை அடக்கம் செய்தோம். அப்படி ஒரு நடிப்பை இந்தச் சபை கண்டதில்லை என்று போதகர் சொன்னார். சபை மலரிலும் அவன் படத்தோடு அதைப் போடப்போகிறார்களாம். போடட்டும். என் பங்கும் அதில் வரவேண்டும். பாலை ஊற்றியது நான். அண்ணன் இல்லை. என் பெயர் போட்டு, இதை இப்படியே அச்சடிக்கவேண்டும்.