பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

ராஜவேல் அண்ணனை வேலைக்கு வைத்த மூன்றாம் நாளே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நான் அரியலூரிலிருந்து பெரம்பலூர் ஆபீஸுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் குருமூர்த்தி பகலில் தனியாக இருப்பார். விடியற்காலையில் எழுந்து சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மூடியது மூடியபடி இருக்கும். சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். ஒருநாள் டிவி முன்னால் மயங்கிக் கிடந்தார். "மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா, அடுத்த தடவ ஆளக் காப்பாத்த முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மதியத்தில் சுடச்சுடச் சமைத்துப் போட ஆள் தேடினேன். ரெட்டிபாளையத்திலிருந்து மொபெட்டில் வந்தார் ராஜவேல் அண்ணன். ஆலை கேன்டீனில் இருபத்தெட்டு வருஷம் சமைத்தவர். கையில் ஒரு முழ நீளக் கரண்டி, பள்ளம் வைத்த இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்று இவருக்கு, ஒன்று தனக்கு.

சாப்பிடப்போவது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளுக்காக, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மெனு எழுதி ஒட்டினார். பன்னிரண்டரைக்குத் தட்டில் கரண்டியால் தட்டுவார். என் வீட்டுக்காரர் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு மணி ஆனால் கதவைச் சாத்திவிடுவார்.

"இது வூடுண்ணே, கேன்டீன் இல்ல" என்றேன்.

"தெரியுதும்மா. ஆனா நேரம் நேரந்தானே" என்றார். என்ன சொல்லித் திருத்துவது இந்த மனுஷனை?

ஒரு லீவு நாளில்தான் அந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தேன். நான் தொண்டை வறளப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் நகராத என் வீட்டுக்காரர், கரண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்த் தட்டோடு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ராஜவேல் அண்ணன் ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார். "நீங்களும் உக்காந்து சாப்பிடுங்களேன்" என்றேன்.

"கடைசி ஆளு கை கழுவாம சமைக்கிறவன் சாப்பிடக் கூடாதும்மா. ஷிப்ட்டு முடிஞ்சு எரநூறு பேரு வருவாங்க. கொறஞ்சா எனக்குத்தான் கொறையணும். எம் மக கல்யாணத்துலகூட நான் பந்தியில உக்காரல" என்றார். இவர் கை கழுவிய பிறகுதான் அவர் தன் தட்டை எடுத்தார்.

அன்று சாயங்காலம் பொறுக்க முடியாமல் இவரிடம் கேட்டேன். "ஏங்க, அவரு தட்டுனா மட்டும் ஓடுறீங்களே, என்ன சங்கதி?"

"பாவம் சித்ரா. நான் சாப்பிட்டாத்தானே அவரு சாப்பிடுவாரு. பசியோட ஒரு மனுஷன் நிக்கிறப்ப எப்படி உக்காந்திருக்கறது?"

"முப்பத்தொரு வருஷமா நான் யாரு சாப்பிட்டப்பறம் சாப்பிடுறேன்?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயா? நீ வேலையெல்லாம் முடிச்சிட்டு மெதுவா சாப்பிடுவே, உனக்கு அப்படித்தான் புடிக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார். புடிக்குமாம்! எத்தனை ராத்திரி அடுப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இவருக்காகக் காத்திருந்திருப்பேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜவேல் அண்ணன் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். நான் சமைத்தேன். கரண்டியால் தட்டவுமில்லை, கூப்பிடவுமில்லை. வந்தால் வரட்டும் என்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே கால் ஆனது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரையை மட்டும் போட்டிருப்பாரே. எழுந்துபோய்க் கூப்பிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து, திரும்ப உட்கார்ந்தேன்.

சரியாகப் பன்னிரண்டரைக்கு டிவி நின்றது. இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு பள்ளத்தட்டு.

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு தட்டையும் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கரண்டியைக் கொடுத்தேன்.

"இன்னிக்கு நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.