பதிலக்காவுக்கு ஒரு நாற்காலி

அவள் பார்க்காத வேலை இல்லை என்று சொன்னால் ஊரில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டியிருக்கிறாள். பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கியிருக்கிறாள். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு சலவைக்கூடம், மருந்துக் கிடங்கு, லிஃப்ட், சமையலறை என்று அந்தக் கட்டடத்தில் அவள் கால் படாத இடமே கிடையாது. ஆனால் இத்தனையில் ஒன்றுகூட அவளுடைய வேலை இல்லை. எல்லாம் அடுத்தவர் வேலை. ஒருத்தி பிரசவத்துக்குப் போவாள், இன்னொருவர் படியில் உருண்டு காலை உடைத்துக்கொள்வார், இவள் போய் அந்த இடத்தில் நிற்பாள். உரியவர் திரும்பி வந்து “எந்திரிங்க, வந்துட்டேன்” என்றதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இப்படிப் பதில் ஆளாகவே காலத்தை ஓட்டியதில் ஊருக்கு அவள் பதிலக்கா ஆகிவிட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ ஒரு அட்டையில் சும்மா கிடந்தது.

ஆரம்பித்து வைத்தது அம்மாவின் முதுகு. பிஸ்கட் கம்பெனியில் அம்மா மூட்டை தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. “நீ போய் என் இடத்துல நில்லு, இல்லேன்னா வேற யாராவது வந்து ஒட்டிக்குவாங்க” என்று மகளை அனுப்பினாள். மகள் போய் நின்றாள். அம்மா எப்படிப் பெட்டியை மடித்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாளோ அப்படியே அழுத்தினாள். முதுகு சரியாகி அம்மா திரும்பி வந்தபோது மேஸ்திரி கேட்டாராம், “நீ எப்போ லீவு போனே?” என்று. அது பாராட்டு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளும்தான். வயது அப்படி.

பதில் வேலைக்கு ஒரு தர்மம் உண்டு. வந்து போன தடம் தெரியக் கூடாது. நாற்காலியை உயர்த்தியிருந்தால் போகும்போது இறக்கிவிட வேண்டும். மேஜையில் பேனா இடது பக்கம் இருந்ததென்றால் அங்கேயே இருக்க வேண்டும். உரியவர் வாடிக்கையாளரை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிட வேண்டும். சிடுசிடு என்று விழுகிறவர் இடத்தில் சிடுசிடு என்றுதான் விழ வேண்டும், நல்ல மனசைக் காட்டி அவர் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது. இதில் பதிலக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே ஒரு தொல்லை, ஒரு வேலையின் பழக்கம் அடுத்த வேலை வரைக்கும் கூடவே வந்துவிடும். கொட்டகையில் டிக்கெட் கிழித்து முடித்த கையோடு ஆஸ்பத்திரி லிஃப்டில் நிற்கப் போனாள். ஏறியவர்களிடம் தன்னை அறியாமல் கையை நீட்டினாள். ஒரு பெரியவர் கையில் இருந்த மருந்துச் சீட்டைப் பவ்யமாக நீட்ட, அதை வாங்கி நடுவில் கிழித்துப் பாதியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாதி மருந்தில் பிழைத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அவள் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர், வாய் சும்மா இருக்காது. “வீட்டுல மட்டுந்தான் நீ பர்மனென்ட்டு. அதுவும் நான் வேற யாரையாவது கட்டிக்கற வரைக்கும்” என்பார். “கட்டிக்குங்க, அவளுக்கு லீவு வேணும்னா என்னைத்தான் கூப்பிடணும்” என்பாள் இவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்கு என்னவோ போலிருக்கும்.

அவளுக்கு ஆசை ஒன்றும் மலையளவு இல்லை. ஆஸ்பத்திரியில் நிரந்தர ஆட்களுக்குச் சுவரில் ஆளுக்கொரு கொக்கி உண்டு. பை, குடை எல்லாம் அதில் தொங்கும். இவள் பை எப்போதும் ஜன்னல் கம்பியில்தான். ஒரு கொக்கி வேண்டும். யாரும் வந்து எழுப்பாத ஒரு நாற்காலி வேண்டும். ஒரு நாளாவது லீவு போட்டுவிட்டு வந்து, “அப்பாடா, வந்துட்டீங்களா, நீங்க இல்லாம ஓடலை” என்று யாராவது சொல்லக் கேட்க வேண்டும். இவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்த ஆசை குறையும் என்று நினைத்தாள். அது பல்வலி மாதிரி விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டைப் பார்க்கிற போர்டம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று.

மாடிப்படிக்குக் கீழே சரிவான கூரையோடு ஒரு அறை. அதில் ஒரு மேஜை, மேஜைமேல் சின்னச் சின்ன விளக்குகள் வைத்த டெலிபோன் பலகை, முன்னால் முதுகில் துணி கிழிந்த நாற்காலி. ஆஸ்பத்திரிக்கு வருகிற அழைப்பு எல்லாம் அங்கேதான் முதலில் வரும். விளக்கு எரிந்தால் எடுத்து, எந்த வார்டு, எந்த டாக்டர் என்று கேட்டு இணைப்புக் கொடுக்க வேண்டும். போர்டம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவள் முகம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, குரல் தெரியாதவர் கிடையாது. கொஞ்சம் கனமான குரல். “சொல்லுங்க” என்பதை அதட்டுகிற மாதிரி ஆரம்பித்து, “ஆஸ்பத்திரி” என்று முடிக்கும்போது தடவிக் கொடுக்கிற மாதிரி இறக்குவாள். பதறிப்போய் போன் செய்தவர்களுக்கு அதைக் கேட்டதுமே பாதி உயிர் வந்துவிடும்.

பதிலக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கம்போல இரண்டே நாளில் குரல் வந்துவிட்டது. அதே அதட்டல், அதே இறக்கம். வார்டுகளில் யாருக்கும் ஆள் மாறியது தெரியவில்லை. ஆனால் வழக்கமில்லாத ஒன்றும் நடந்தது. அந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. பெட்டி ஒட்டியபோதும் டிக்கெட் கிழித்தபோதும் பிடித்ததா என்று யோசித்ததே இல்லை. இங்கே யாரோ ஒருவர் எங்கிருந்தோ நடுக்கத்தோடு “எங்கப்பாவைச் சேர்த்திருக்காங்க, எப்படி இருக்காருன்னு தெரியணும்” என்பார். இவள் அவரை அப்பா படுத்திருக்கிற கட்டில் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இப்படி ஆளையும் ஆளையும் சேர்த்து வைக்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்? காலையில் அந்தச் சரிவுக் கூரைக்குக் கீழே குனிந்து நுழையும்போதே மனசு நிறைந்துவிடும். சாயங்காலம் எழுந்திருக்கவே தோன்றாது.

தலைமை குமாஸ்தா நல்ல மாதிரி. ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்.

“அக்கா, போர்டம்மாவுக்குக் குரல் திரும்பாதுங்கறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா சீட்டு காலின்னு எழுதிடுவேன். உங்களை விட்டா வேற யாரு இருக்கா?”

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பாவம் போர்டம்மா, சீக்கிரம் குணமாகட்டும் என்று வாய் சொல்லும். அவ்வளவு சீக்கிரம் வேண்டாம் என்று உள்ளே ஒன்று சொல்லும். இப்படி ஒரு நினைப்பா என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள். குட்டிக்கொண்ட கையோடு சுவரில் எந்தக் கொக்கி நமக்கு வரும் என்று பார்ப்பாள். ஆசை வெட்கம் அறியாது என்பதை அந்த மாசம்தான் தெரிந்துகொண்டாள்.

மாசம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது பெரிய டாக்டர் ஏதோ வெளியூர் எண் கேட்டுப் போனில் கூப்பிட்டார். வழக்கமாக எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறவர், அன்றைக்கு என்னவோ வைக்காமல் பேச்சுக் கொடுத்தார்.

“அட, நீங்களா! குரல் பழையபடி ஆயிடுச்சே! எப்போ வந்தீங்க?”

“நேத்துத்தான் டாக்டர்.”

சொன்னது அவள் இல்லை, அவள் வாய். போர்டம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதை அதே குரலில் சொல்லிவிட்டது. “ரொம்ப சந்தோஷம், உடம்பைப் பார்த்துக்குங்க” என்று அவர் வைத்துவிட்டார். தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மறுபடி அவரைக் கூப்பிடக் கையை நீட்டினாள், விளக்குகள் எரிந்தன, ஒன்றை எடுப்பதற்குள் இன்னொன்று. மத்தியானம் தலைமை குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

“என்னக்கா இது? போர்டம்மா வந்துட்டாங்க, நானே பேசினேன், சீட்டு எங்கே காலிங்கறாரு பெரிய டாக்டரு. உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே!”

அவள் அடுத்து எரிந்த விளக்கை எடுத்தாள். தடம் தெரியாமல் வேலை பார்ப்பதில் கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது. கடைசியில் இருக்கிற ஆளே இல்லாமல் போய்விட்டாள்.

வேலைக்கு வரச் சொல்லி வீட்டுக்குத் தகவல் போனதில் பதறிப்போய் மறுநாளே போர்டம்மா வந்துவிட்டாள். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பதிலக்கா காதை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

“வரச் சொல்றாங்க பதிலு. எதை வெச்சுப் பேசுவேன்?”

பதிலக்கா நடந்ததைச் சொல்லி அழுதாள். போர்டம்மாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. பிறகு இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

போர்டம்மா பேச முயன்றதைப் பார்த்ததும் பெரிய டாக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. “அப்போ என்கிட்ட பேசினது யாரு?” என்றார்.

“நான்தான் டாக்டர்.”

“நீங்க லிஃப்ட்ல இருந்தவங்க இல்ல?”

“அதுக்கும் பதில்தான் டாக்டர்.”

“எங்கே, பேசுங்க பார்ப்போம்.”

அவளுக்கு ஒரு வீம்பு வந்தது. வாழ்நாளில் ஒரு தடவை தன் பேரில் ஒன்றைக் கேட்டு வாங்குகிற நேரம், தன் குரலிலேயே கேட்போம் என்று தோன்றியது. “சொல்லுங்க, ஆஸ்பத்திரி” என்றாள். மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற குரல். அவளுடையது.

“இது இல்லையே” என்றார் டாக்டர்.

அவள் போர்டம்மாவைப் பார்த்தாள். போர்டம்மா பேசு என்பது போலத் தலையை ஆட்டினாள். பதிலக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். அதட்டி ஆரம்பித்து, தடவி இறக்கினாள். பக்கத்தில் நின்றிருந்த போர்டம்மா சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டாள்.

“இதேதான்!” என்று மேஜையைத் தட்டினார் டாக்டர். “ஊரே இந்தக் குரலுக்குப் பழகிடுச்சு. இப்படியே பேசிட்டு இருங்க. சீட்டு உங்களுக்குத்தான்.” போர்டம்மாவுக்கு உடல்நிலையைக் காட்டி மரியாதையாக ஓய்வு கொடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்காரர் குஷியில் குதித்த குதி கொஞ்சமில்லை. “இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது? பேரு மறந்து போச்சே!” என்றார். மறுநாள் அவள் பையைக் கொக்கியில் மாட்டினாள். எடுத்தாள், மறுபடி மாட்டினாள். நாற்காலியின் கிழிந்த முதுகைத் தைத்தாள், தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். விளக்கு எரிந்தபோதெல்லாம் போர்டம்மா குரலில்தான் பேசினாள். அதனால் என்ன, உட்கார்ந்திருப்பது நான்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம். ஒரு அழைப்பை எடுத்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“அக்கா, நீங்களா? யாருக்கு லைன் வேணும்?”

“யாருக்கும் வேணாம்.” காற்றில் கரைகிற பேச்சு. பதிலக்கா காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரரு உள்ளே படுத்திருக்காரு. நான் கூப்பிட்டாக் கேக்கறதில்லை. தட்டைத் தட்டித்தான் சாப்பிடக் கூப்பிடறேன். மொதல்ல சிரிச்சாரு. இப்போ பசியில்லைன்னு திரும்பிப் படுத்துக்கறாரு. ஒரு தடவை… எனக்குப் பதிலா நீ கூப்பிடறியா? போனை அவரு பக்கம் வைக்கறேன்.”

 “எப்படிக்கா கூப்பிடுவீங்க?”

“திட்டித்தான்.”

அவள் ஒரு வீட்டுக்குள் போய் இதுவரை பதில் நின்றதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். “எத்தனை தடவைதான் கூப்பிடறது? காதுல என்ன பஞ்சா? எல்லாம் ஆறிப் போவுது. எந்திரிச்சு வர்றீங்களா, இல்ல நானே உக்காந்து எல்லாத்தையும் கொட்டிக்கட்டுமா?”

கட்டில் கிறீச்சிட்டது. தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு வேகமாக யாரோ வரும் சத்தம். “வந்துட்டேன், வந்துட்டேன், கத்தாதே” என்றது ஒரு கிழட்டுக் குரல். சிரிப்பும் அவசரமுமான குரல். அப்புறம் கால் சத்தம் நின்றது. நீட்டிய போனைப் பார்த்துவிட்டார் போலிருந்தது. பிறகு அந்த மனிதர் அழுவது கேட்டது, போன் வைக்கப்பட்டது.

காதிலிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள் பதிலக்கா. பலகையில் ஒரு விளக்கு எரிந்தது, பக்கத்தில் இன்னொன்று. வெளியே போய் யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு வர வேண்டும் போலிருந்தது. அதற்கு யாரையாவது ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அப்படிப் பதில் ஆளாக வந்து உட்கார ஒரே ஒருத்திதான் உண்டு. எழுந்தவள், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.