ஆயுத பூஜைக்கு மட்டும் திறக்கும் கேட்

மண்ணெண்ணெயில் துடைத்த இரும்பு, அதன் மேல் சாம்பிராணிப் புகை, அதற்கும் மேல் நசுங்கிய எலுமிச்சம்பழம்... ஆயுத பூஜை என்றால் எனக்கு இன்றைக்கும் இந்த வாசனைதான்.

திருவொற்றியூரில் ஒரு பெரிய கம்பெனியில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலம். நான் கான்ட்ராக்ட் ஆள். பக்கத்து மிஷினில் செல்வம். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே ஐ.டி.ஐ. பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதினவன் அவன். அவன் அப்பா ரிடையர் ஆனபோது அந்த இடம் அப்படியே இவனுக்கு வந்தது. பர்மனெண்ட். என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அவரிடமிருந்து எனக்கு வந்தது முதுகுவலிதான்.

அவனுக்கு நீலச் சட்டை, எனக்குக் காக்கி. கேன்டீனில் அவன் உட்கார்ந்து சாப்பிடுவான், நாங்கள் வெளியே நின்றுகொண்டு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது ஆயுத பூஜை.

வருஷம் முழுக்க வெளியாட்களுக்கு மூடிக்கிடக்கும் கேட்டை அன்றைக்கு மட்டும் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவார்கள். பொண்டாட்டி பிள்ளைகள் புதுத்துணியோடு வந்து மிஷினைத் தொட்டுக் கும்பிட்டு, ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களும் குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்று சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். நம்பிவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி முதல் ஆயுத பூஜை வேறு. என் மனைவி ராணி கல்யாணப் பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கேட்டில் செக்யூரிட்டி பாஸ் கேட்டார். என்னிடம் ஏது பாஸ்?

"பர்மனெண்ட் ஃபேமிலி மட்டுந்தாம்பா. என்னிய இன்னா பண்ண சொல்ற?"

ராணி என்னைப் பார்த்தாள். "பரவால்ல. நீ போய் பூஜைய முட்ச்சிட்டு வா. நா இங்கியே நின்னுகினு கீறேன்."

நல்ல வெயில். ரோட்டில் கன்டெய்னர் லாரிப் புழுதி. அந்தப் பட்டுப்புடவையோடு...

உள்ளே போனேன். முந்தின நாள் செல்வம் அரைநாள் லீவு போட்டிருந்ததால் அவன் மிஷினையும் நான்தான் துடைத்துப் பொட்டு வைத்திருந்தேன். அதன் மேல் செல்வம் தன் பையனைத் தூக்கி உட்கார வைத்து, "இத்தாண்டா அப்பா மிஷினு" என்று காட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இவன் நாசமாய்ப் போகட்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

"மாமு, தங்கச்சி எங்க? இட்டாரலியா?" என்றான் செல்வம். ஒன்றும் தெரியாமல்தான் கேட்டான். அது இன்னும் எரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ராணிதான் என்னைத் தேற்றினாள். "அட்த்த வருசம் நீ பர்மனெண்ட் ஆயிடுவ. அப்போ உள்ள போய்ப் பாத்துக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எத்தனையோ வருஷம் ஓவர்டைம் பார்த்தேன். காய்ச்சலோடும் போனேன். செல்வத்தைவிட ஒரு பீஸ் அதிகம் எடுக்காமல் மிஷினை நிறுத்த மாட்டேன். கேட்கும்போதெல்லாம், "உன் பேரு மேல போயிருக்கு" என்பார்கள். கம்பெனியையே மூடும்வரை என் பேர் மேலேயேதான் இருந்தது.

கம்பெனி கொடுத்த செட்டில்மெண்ட் பணத்தில் செல்வம் தன் வீட்டுக்கு மாடி எடுத்தான். நான் எதிர்ப்பக்கம் வாடகை வீட்டிலிருந்து அந்த மாடியைத் தினமும் நிமிர்ந்து பார்க்கிறேன். பொறாமை போகவில்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். செல்வத்தின் பையனும் அங்கேதான். ஒரே கான்ட்ராக்டர், ஒரே ஆரஞ்சு ஜாக்கெட். கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குள் ஒரு குரூர சந்தோஷம். ராணியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன ஆயுத பூஜை அன்று காலையில் பையனைக் கேட்டேன். "உங்க கம்பெனில பர்மனெண்ட் ஆளுங்க யாருடா? அவுங்க ஃபேமிலிய உள்ள வுடுவாங்களா?"

"பர்மனெண்டா? எங்க செக்ஷன்ல அப்டி யாருமே கெடியாது நைனா. அல்லாரும் கான்ட்ராக்ட்டுதான்."

ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னான். கோபம்கூட இல்லை அவன் குரலில். போய்விட்டான்.

எனக்காவது பக்கத்து மிஷினில் ஒரு செல்வம் இருந்தான். அந்த இடம் ஒருநாள் எனக்கும் வரும் என்று அவனைப் பார்த்துப் பார்த்து எரிந்தேன்.

என் பையனுக்கு அப்படி எரிய ஒரு ஆள்கூட இல்லை.