சிசி போட்டுவிட்டு அதே காரில் ஏறினேன்

போன திங்கட்கிழமை மாலை நாலே முக்காலுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அந்த மெயிலில் யாரைக் குத்தினேனோ, ஐந்தே காலுக்கு அவருடைய காரிலேயே ஏறி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

  

வாராவாரம் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். ஜார்ஜ்டவுன் இருக்கிற தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பிளானர். எந்த லைனில் எந்த நாள் என்ன சரக்கு ஓட வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள். குணாவைத்தான் இதுவரை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தவில்லை. எங்கள் ஸ்டோர் சூப்பர்வைசர். இல்லை, 'ஆக்டிங்' சூப்பர்வைசர். ஆறு மாதமாக அந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கும் வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட், எனக்கும் சிம்பாங் அம்பாட். இரண்டு வருடமாக அவர் காரில்தான் போய்வருகிறேன். அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் தம்பி.

அந்த வாரம் புதன்கிழமை, எங்கள் மானேஜர் மேடம் ஓங்கின் அறையில் குணாவுக்கு மீட்டிங். அந்த 'ஆக்டிங்' போகுமா, ஒட்டிக்கொண்டே இருக்குமா என்று அங்கேதான் முடிவாகும். "மாமியார் வீட்டுல சொல்லிட்டேன்க்கா, இனிமே கிடைக்காம இருக்கக்கூடாது" என்று அவர் அதற்கு முந்தின வாரம் பூராவும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில் பயம் இருந்தது.

இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்த மெயிலை அனுப்பினேன்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை மத்தியானம் லைன் நின்றுவிட்டது. பெட்டியில் ஒட்டும் லேபல் இல்லை. ஸ்டோரில் இருந்ததுதான், ஆனால் அச்சு சரியில்லை என்று குவாலிட்டிக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்களாம். எங்கள் பாஷையில், 'ஹோல்ட்'. மேடம் ஓங் நேராக என் மேஜைக்கு வந்தார். "பிளான் போட்டது யார்?" என்றார். கத்தவில்லை. அவர் கத்தாமல் கேட்டால்தான் எனக்குப் பயம்.

பயந்துபோனவர்கள் கையில் கீபோர்டு இருக்கக்கூடாது. 'லேபல் ஹோல்டில் இருப்பதாக ஸ்டோரிலிருந்து எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை' என்று தட்டினேன். குணாவுக்கு அனுப்பினேன். சிசி மேடம் ஓங். சிசி குவாலிட்டி. போதாதென்று சிசி புரொடக்ஷன்.

சிசி என்றால் என்ன? பேச வேண்டியவரிடம் பேசாமல், அவருடைய மேலதிகாரி காதில் விழுகிற மாதிரி பேசுவது. வேறென்ன?

அனுப்பிய ஐந்தாவது நிமிடம்தான் உறைத்தது — இன்றைக்கு வீட்டுக்கு எப்படிப் போகப்போகிறேன்? பதறிப்போய், மெயிலைத் திரும்பப் பெறுகிற பட்டனைத் தேடி அழுத்தினேன். அது என்ன செய்தது தெரியுமா? 'இவர் தன் மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று நாலு பேருக்கும் புதிதாக ஒரு மெயில் அனுப்பியது. அதுவரை படிக்காதவர்களும் தேடிப் படித்திருப்பார்கள்.

ஐந்தே கால். வாசலில் காவலர் உட்காரும் கார்ட் ஹவுஸ் பக்கம் வழக்கம்போல கார் நின்றது.

"ஏறுங்கக்கா."

ஏறினேன்.

"குளிருதாக்கா? ஏர்கோன குறைக்கவா?"

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

தீவிலிருந்து அக்கரைக்குப் போகிற இரண்டாவது பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும். ஏறிவிட்டால் அவ்வளவுதான். நடுவில் இறங்க முடியாது, திரும்ப முடியாது. இரண்டு பக்கமும் கடல். ஜார்ஜ்டவுன் பக்கத்துப் பழைய பாலமாக இருந்தால் நெரிசலைப் பற்றியாவது இரண்டு வார்த்தை பேசலாம். அன்றைக்குப் பார்த்து ரோடு காலியாகக் கிடந்தது.

"குணா... மெயில் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

 என்னால் சும்மா இருக்க முடியுமா?

"நான் எழுதித்தானே ஆகணும் தம்பி? லைன் நின்னுபோச்சு. மேடம் என் மேசைக்கே வந்துட்டாங்க. ஹோல்ட்ல இருக்குன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னேன்க்கா."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை. இதே பாலத்துல. நீங்க போன்ல பொண்ணுக்கு கேக் ஆர்டர் பண்ணிக்கிட்டு இருந்தீங்க. லேபல ஹோல்ட் பண்ணிட்டாங்க, திங்கக்கிழமை பிளான்ல வைக்காதீங்கன்னேன். 'ஓக்கே லா தம்பி, மாத்திடறேன்'னீங்க."

பாண்டான் கேக்கா, சாக்லேட் கேக்கா என்று கடைக்காரப் பெண்ணோடு மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. அதற்கு நடுவில் 'ஓக்கே லா' சொன்னதும்... ஐயோ, அதுவும் ஞாபகம் வந்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது.

இரண்டு வருடமாகப் பாதி ஆபீசை நாங்கள் அந்தக் காரிலேயே நடத்தியிருக்கிறோம். எந்த சரக்கு வரவில்லை, எந்த லைனுக்கு எதை முதலில் எடுத்துக்கொடுப்பது, எல்லாம் பாலம் முடிகிற 'பத்து காவான்' டோல்கேட் வருவதற்குள் முடிந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு பெருமை வேறு. மெயிலில் எழுத வேண்டியதைக் காரில் சொல்லிவிட்டோம். காரில் கேட்க வேண்டியதை நான் மெயிலில் கேட்டேன்.

அப்போதும் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை பாருங்கள். "ஒரு வரி மெயில் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே காடியில போறோம், இதுக்கு எதுக்கு மெயில்னு நெனச்சேன்க்கா."

"சரி, இன்னைக்கு எல்லாருக்கும் பதில் போட்டிருக்கலாமே?"

"என்னான்னு போடறது? அக்கா கேக் ஆர்டர் பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னா?"

 கொஞ்ச தூரம் போனபிறகு அவராகவே சொன்னார்: "புதன்கிழமைக்குள்ள இது ஆறிடுச்சின்னா போதும்க்கா."

"நாளைக்குக் காலையில நானே மேடம்கிட்ட எழுதிடறேன்."

"வேணாம்க்கா. எழுதுனா, நான் சிஸ்டத்துல போடாம வாயால சொன்னதும் வெளிய வந்துடும். அதுவும் தப்புதானே?"

தப்புதான். எழுதாவிட்டால் முழுப் பழியும் அவர் தலையில். எழுதினால் பெரிய பங்கு எனக்கு, சின்னப் பங்கு அவருக்கு. அந்தச் சின்னப் பங்கே புதன்கிழமைக்குப் போதுமானதாக இருந்தால்? கடைசியில், ஓடுகிற காரிலேயே இரண்டு பேரும் சேர்ந்து வாசகத்தைப் பேசி முடித்தோம். 'வெள்ளிக்கிழமை குணா எனக்கு வாய்மொழியாகத் தெரிவித்தார். பிளானை மாற்றாதது என் தவறு.' 'வாய்மொழியாக' என்பதை எடுக்கச் சொன்னார். எடுத்தால் அது இன்னொரு பொய் ஆகும் என்றேன். டோல் வரைக்கும் யோசித்தார்.

"சரி, இருக்கட்டும்க்கா" என்றார்.

மறுநாள் காலை, எட்டு மணிக்கு முன்பே அனுப்பிவிட்டேன். அதே நாலு பேருக்கும். பதினாறு வருட சர்வீஸில் 'என் தவறு' என்று நான் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு, என் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மேடம் ஓங்கிடமிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது. 'நோட்டட்.' அந்த ஒரு வார்த்தை கோபமா, சமாதானமா என்று நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டேன். அன்று மாலை பாலத்தில் குணாவும் அதையே குடைந்துகொண்டு வந்தார்.

புதன்கிழமை. குணா உள்ளே போனார். இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். 'ஆக்டிங்' இன்னும் மூன்று மாதம் நீடிக்குமாம். கம்யூனிகேஷன் போதாதாம், கூர்ந்து கவனிப்பார்களாம். இந்த விவகாரத்திலேயே யாரிடமாவது எதையாவது நேரத்தோடு சொன்ன ஒரே ஆள் அவர்தான்! என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திருத்தி அனுப்பிய மெயிலை எல்லாரும் படித்தார்கள், முதல் மெயிலை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையும் கார்ட் ஹவுஸ் பக்கம் கார் நின்றது. நிற்காது என்றுதான் நினைத்திருந்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"மூணு மாசம்தானேக்கா. ஓடிடும்" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. மாமியார் வீட்டுக்கு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலையில் ஒரு பாலம், மாலையில் ஒரு பாலம். இந்த மூன்று மாத சோதனை குணாவுக்கு மட்டும்தான் என்று மேடம் ஓங் நினைத்துக்கொண்டிருக்கிறார்.