‘ஸ்லோமோஷன்’ யூசுப்

யூசுப் செத்துப்போனான்.

நேற்று காலை, மஞ்சக்குப்பம் கடைக்கு மேலே இருக்கும் அவன் ரூமில். ஹார்ட் அட்டாக்... பத்து மணியாகியும் ஷட்டர் திறக்கவில்லையே என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே போய்ப் பார்த்திருக்கிறார்.

நேற்றிலிருந்து எல்லோரும் போஸ்ட் போடுகிறீர்கள். பார்த்தேன். "ஸ்லோமோஷன் அண்ணன் மறைந்தார்." "மிஸ் யூ ஸ்லோமோஷன்." கூடவே அழுகிற பொம்மை வேறு.

அந்தப் பெயரை வைத்தது நான்தான். எப்படி வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். லைக் போட வேண்டாம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே கம்ப்யூட்டர் கடையில் வேலை. கேம் விளையாடுகிறவர்களுக்கு சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்போம்.

யூசுப் ஒரு இம்சை. கிராபிக்ஸ் கார்டு மாட்டினோமா, கேம் ஓடுகிறதா, பேக் பண்ணினோமா என்று இருக்க மாட்டான். நிழல், தண்ணீர், வெளிச்சம் என்று ஒவ்வொரு செட்டிங்காக ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பான். கஸ்டமரை உட்காரவைத்து உயிரை எடுப்பான்.

"அந்தக் கரண்டு கம்பியப் பாருங்க... மொதல்ல படிக்கட்டு மாதிரி இருந்துச்சுல்ல? இப்ப பாருங்க."

வந்தவர் கம்பி பார்க்கவா வந்தார்? கார் ஓட்ட வந்தார்.

ஆனால் அவன் செட் பண்ணிய ஸ்கிரீன் அழகாக இருக்கும். மழை பெய்த ரோட்டில் ஹெட்லைட் வெளிச்சம் நிஜமாகவே ஈரமாகத் தெரியும். அதுதான் எனக்கு எரிச்சல்.

சிதம்பரத்தில் இரண்டாவது கடை திறக்க ஏற்பாடானது. முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "ஆளுக்கொரு சிஸ்டம் ரெடி பண்ணுங்க. ஒரே கார்டு, ஒரே கேமு. தொறப்பு விழா அன்னிக்கு எவன் ஸ்கிரீன் நல்லாருக்கோ, அவனுக்குத்தான் சிதம்பரம்."

யூசுப்புக்கு ஊர் லால்பேட்டை. வாரம் முழுக்கக் கடை மாடியில் தங்குவான், ஞாயிறு மட்டும்தான் வீடு. சிதம்பரம் கிடைத்தால் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். அவன் மகள் நஸ்ரின் அப்போது ஆறாம் வகுப்பு.

"புள்ள என்னப் பாத்தா விருந்தாளி மாதிரி சலாம் சொல்லுது மச்சான்... சிதம்பரம் மட்டும் கெடச்சா போதும்."

எனக்கு வீடு கடலூரிலேயே. சிதம்பரம் எனக்குத் தேவையே இல்லை. அவன் ஜெயிக்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று நேற்றிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் தொழுகைக்குப் போயிருந்தான். அவன் சிஸ்டத்தில் உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேமுக்குள் ஒரு செட்டிங்ஸ் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கென்று வெளியே தனியாக ஒரு கன்ட்ரோல் பேனலும் உண்டு. செகண்டுக்கு இருபது படத்துக்கு மேல் காட்டாதே என்று வெளியே பூட்டிவிட்டால், உள்ளே எதைத் திருகினாலும் படம் வெட்டி வெட்டித்தான் ஓடும். யூசுப் அந்தப் பேனலைத் திறக்கவே மாட்டான். "எல்லாம் கேமுக்குள்ளயே இருக்கு மச்சான்" என்பான். அது எனக்குத் தெரியும்.

பூட்டினேன். அதற்கு முன்னால் அவன் கேமுக்குள் வைத்திருந்த செட்டிங்ஸை போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சிதம்பரத்தில் ஆன் பண்ணினால்... குலுங்குகிறது. கார்டு இழுக்கவில்லை போல என்று நிழலைக் குறைத்தான். தண்ணீரைக் குறைத்தான். எல்லாவற்றையும் குறைத்தான். விருந்தாளிகள் வந்து நிற்கும்போது அவன் ஸ்கிரீன் துவைத்து வெளுத்த துணி மாதிரி இருந்தது. அப்போதும் குலுக்கல் நிற்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது அவனுக்கு.

"என்னப்பா யூசுப், டவுன் பஸ்ஸு மாதிரி குலுங்குது?" என்றார் முதலாளி.

"ஸ்லோமோஷன்ல காட்டுறாரு மொதலாளி" என்றேன் நான். கடையே சிரித்தது.

"வேற கேபிள் எடுத்துட்டு வா மச்சான், நான் பாக்குறேன்" என்று அவனை அனுப்பினேன். ஓடினான். இரண்டே நிமிஷம். பூட்டை எடுத்தேன். போட்டோவைப் பார்த்து, அவனுடைய செட்டிங்ஸையே அப்படியே திரும்பப் போட்டேன். மழை ரோடு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கேபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனும் தட்டினான்.

"என்ன மச்சான் பண்ண?"

"அதெல்லாம் கைப்பழக்கம்டா."

எனக்கு சிதம்பரம். அவனுக்கு அதே மாடி ரூம், எட்டு வருஷம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சிஸ்டத்தையும் டெலிவரி பண்ணுவதற்கு முன் எனக்கு போன் பண்ணுவான். "நிழல ஹைல வைக்கவா மச்சான், மீடியமே போதுமா?" என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவன். நானும் பெரிய மேதாவி மாதிரி, "மீடியம் போதும், ஜாஸ்தி ஆசப்படாத" என்பேன். சில நாள் போனை எடுக்கவே மாட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் அவன் முகத்தை வைத்து ஸ்டிக்கர் செய்தேன். உங்களில் பாதிப் பேர் அதை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு லால்பேட்டையில் அடக்கம். கிளம்பும்போது நஸ்ரின் வாசலுக்கு வந்தாள். இப்போது காலேஜ் படிக்கிறாள்.

"சேகர் மாமாதானே? என் கம்ப்யூட்டர்ல கேம் நல்லா தெரியுற மாதிரி வச்சுக் குடுங்கன்னு கேட்டா, அத்தா தொடவே மாட்டாங்க மாமா. எனக்குக் கை வராதும்மா, சேகர் மாமா வருவாரு, அவர் வச்சுக் குடுப்பாருன்னு சொல்லுவாங்க... நீங்க வரவே இல்ல."

"வரேம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

அவள் என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் இருக்கிறாள். இதைப் படிப்பாள்.

நஸ்ரின், உன் அத்தாவுக்குக் கை வரும்மா. எங்கள் இரண்டு கடையிலும் அவனுக்கு மட்டும்தான் வந்தது.

போய் வா யூசுப்.